கொள்ளிடக் கரையில் தங்கிவிட்ட யாத்திரிகர்

கடல் கடந்து யாத்திரை செல்வோர், சென்ற நாட்டின் காட்சிகளைக் கண்டு களித்து, கண்டவற்றைச் சிந்தித்தபடி தாயகம் திரும்புவது வழக்கம். ஆனால் நம் அரியலூர்ச் சீமைக்கு வந்த ஒரு துறவி, தாயகம் திரும்பவே இல்லை. அவர்தாம் வீரமாமுனிவர். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவியர் திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திற்குச் சுற்றுலா சென்றோம். அன்றுதான் இப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்னும் ஆவல் என் உள்ளத்தில் எழுந்தது.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி. 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இளைஞர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊரில்தான்! பெஸ்கி 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 1710இல் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே தமிழகத்தில் மதுரை மிஷனில் பணியேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. நம் மொழியில் கவி பாடும் திறம் எதுவும் அன்று அவரிடம் இல்லை.

போதிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் இலக்கண இலக்கியங்களைக் கற்றார் என்பர். தம்மைத் தைரியநாதர் என்று அழைத்துக்கொண்டார். பின்னாளில் அப்பெயரே வீரமாமுனிவர் என்று தூய தமிழில் விளங்கலாயிற்று. காவியுடை தரித்து, புலால் நீக்கி, தமிழ்நாட்டுத் துறவியரைப் போலவே வாழ்ந்தார். அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி இவ்வழியைக் காட்டியிருந்தார்.

காமநாயக்கன்பட்டி முதலிய இடங்களில் பணியாற்றிய முனிவர், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமுள்ள ஏலாக்குறிச்சிக்கு வந்தார். அங்கே தேவமாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அரியலூரை ஆண்ட மழவராயருக்கு உண்டான ராஜபிளவை நோய், முனிவர் மாதாவை வேண்டி அத்தலத்து மண்ணைப் பூசியதால் நீங்கியது என்றும், அதற்கு நன்றியாக மன்னர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்றும் எங்கள் பகுதிப் பெரியோர் இன்றும் சொல்வர். விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்திலோ, அன்னை மரியா தமிழ்ப் பெண்ணைப் போலப் புடவை உடுத்திப் பெரியநாயகியாகக் காட்சி தருகிறாள். அவ்வாலயத்தைக் கட்டியவரும் நம் முனிவரே.

அவர் தமிழுக்குச் செய்த தொண்டை என்னென்பது! சூசையப்பரை வளன் என்னும் பெயரால் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். அது 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. ஐந்திலக்கணத்திற்கும் தொன்னூல் விளக்கம் எழுதினார். அவர் காலம்வரை சொற்பொருள் அறிய விரும்புவோர் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. முனிவரோ 1732இல் சொற்களை அகர வரிசையில் அமைத்துச் சதுரகராதியைத் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து, நம் செல்வத்தை ஐரோப்பியரும் அறியச் செய்தார். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டவர்களோ, சமயக் கொள்கையில் அவரோடு கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்த லுத்தரன் சபையார்! பகைமையையும் வென்றது அவரது புலமை.

இவை யாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது ஒரு சிறு செய்தி. அந்நாளில் எகர ஒகரங்கள் குறில் என்று காட்ட, அவற்றின்மேல் புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அஞ்சி, எழுதுவோர் பலர் புள்ளியை விட்டுவிடுவர். பிறகு படிப்பவருக்கு அது 'எரி'யா, 'ஏரி'யா என்பது விளங்காது. ஒன்று நெருப்பு, மற்றொன்று நீர்! இக்குழப்பம் நீங்க, குறிலுக்கும் நெடிலுக்கும் வெவ்வேறு வடிவம் அமைத்தவர் வீரமாமுனிவர் என்பர். அதைப் படித்தபோது நான் வெட்கித் தலைகுனிந்தேன். ஏனெனில் அரையாண்டுத் தேர்வில் தமிழ்த் தாளில் நான் மதிப்பெண்களை இழந்தது இந்தக் குறில் நெடில் பிழைகளால்தான். தாய்மொழிதானே என்று நான் அலட்சியமாக விட்ட புள்ளியையும் கொம்பையும், எங்கோ பிறந்த ஒருவர் விளக்கொளியில் அமர்ந்து கவலையோடு எண்ணிப் பார்த்திருக்கிறார்!

முனிவர் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், இன்றைய கேரளத்திலுள்ள அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். இந்திய மண்ணில் 36 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவர், தாம் பிறந்த ஊரை மீண்டும் காணவில்லை. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னை மெரினாக் கடற்கரையில் தமிழகம் அவருக்குச் சிலை எழுப்பி நன்றி செலுத்தியது.

அவர் எழுதிய பரமார்த்த குரு கதையை அறியாத பிள்ளைகள் உண்டோ! ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடர்களும் தலை எண்ணும்போது, எண்ணுகிறவன் தன்னை மட்டும் விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுவார்கள். சிறுவயதில் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சுற்றுலா முடிந்து பேருந்தில் ஊர் திரும்பும்போது அக்கதை மீண்டும் நினைவுக்கு வந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. அக்கதையை எழுதியவரும் தம்மை எண்ணிக்கையில் சேர்க்க மறந்தவர்தாமே! சீடர்கள் அறியாமையால் மறந்தனர். அவரோ அன்பினால் மறந்தார்.

அன்புத் தோழியரே! நம்முள் சிலர் நாளை மேற்படிப்புக்கும், சிலர் வேலைக்கும், சிலர் இறைபணிக்கும் தொலைவூர் செல்லக்கூடும். எங்குச் சென்றாலும் அவ்வூர் மக்களின் மொழியை முதலில் அன்போடு கற்போம். இங்கிருக்கும் வரை நம் தாய்மொழியைப் பிழையின்றி எழுதுவோம். அதுவே அம்மாமுனிவருக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும்.

– பத்தாம் வகுப்பு மாணவி