ஜெபமாலை போட்ட பிச்சைக்காரர்

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. புது ஊர். நீங்க யாருன்னு தெரிஞ்சா உடனே பிடிச்சிடுவாங்க. உங்களுக்கு வேண்டிய ஆட்கள் அங்கேதான் இருக்காங்க, ஆனா பயத்துல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

1687-ல் யாழ்ப்பாணத்தில் இறங்கிய ஜோசப் வாஸ் அடிகளார், கழுத்தில் பெரிய ஜெபமாலை ஒன்றைத் தொங்க விட்டுக்கிட்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைப் பார்த்ததும் யார் முகம் மாறுதுன்னு கவனிச்சார். அப்படித்தான் தன் பங்கு மக்களை ஒவ்வொருத்தரா தேடிப் பிடிச்சார்.

இவர் வெள்ளைக்காரப் பாதிரியார் இல்லை. 1651-ல் கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர். மங்களூர்ப் பக்கம் கொஞ்ச வருஷம் பணி செஞ்சுட்டு, தூத்துக்குடி வழியா இலங்கைக்குப் போனார். கூடப் போனது யோவான் என்ற ஒரே ஒரு உதவியாள். ஏன் இந்த வேஷம்? 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச டச்சுக்காரர்கள் புராட்டஸ்டன்ட்காரர்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே தடை. அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. கிட்டத்தட்ட முப்பது வருஷமா அந்த மக்களுக்குக் குருவே கிடையாது.

இறங்கின உடனே கடுமையான வயிற்றுப்போக்கு. ஒரு பெண் கொடுத்த கஞ்சியில்தான் பிழைச்சார்னு சொல்வாங்க. அப்புறம் சில்லாலை கிராமத்தில் தங்கி, பகலில் பதுங்கி, ராத்திரியில் ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்தார். தமிழும் கத்துக்கிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அவர் எல்லாத்தையும் தன் தலையில் போட்டுக்கல. மூப்பர், அண்ணாவி என்று ஊருக்கு ஊர் பொதுமக்களிலேயே பொறுப்பாளர்கள் இருந்தாங்க. செபம் சொல்லிக் கொடுக்க, கூட்டம் நடத்த அவங்க போதும். நம்ம பாஷையில் சொன்னா, மெயின் சர்வர் போனாலும் நெட்வொர்க் நிக்காது. நெட்வொர்க்ஸ் பேப்பரில் அரியர் வச்ச நான் இதைச் சொல்றது கொஞ்சம் ஓவர்தான், விடுங்க.

1689 கிறிஸ்துமஸ் ராத்திரி டச்சு வீரர்கள் கூட்டத்துக்குள் புகுந்து மக்களைப் பிடிச்சாங்க. அடிகளார் சிக்கல. அடுத்த வருஷம் கண்டி அரசருக்கு உட்பட்ட புத்தளத்துக்குப் போனார். 1692-ல் கண்டிக்கே போக, போர்த்துக்கீசிய உளவாளின்னு சிறையில் போட்டாங்க. அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தர். ஆளைக் கொஞ்ச நாள் கவனிச்சுப் பார்த்துட்டு, தன் நாட்டில் தாராளமா பணி செய்ய விட்டார். யோசிச்சுப் பாருங்க: ஒரு கிறிஸ்தவக் குருவைத் துரத்தினது கிறிஸ்தவர்கள், காப்பாத்தினது ஒரு பௌத்த அரசர். பிழைச்சோம்னு கண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரல. மறுபடி வேஷம் போட்டு, டச்சுக்காரர் கையில் இருந்த கொழும்பு, நீர்கொழும்பு கடற்கரைகளுக்குப் போய் வந்தார்.

1697-ல் கண்டியில் பெரியம்மை. மருந்து இல்லாத காலம். அரசர் உட்பட முடிஞ்சவங்க எல்லாம் ஊரை விட்டுப் போயிட்டாங்க. அம்மை வந்த சொந்த ஆட்களையே வீட்டை விட்டு வெளியேத்தினாங்க. அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவரோட மருமகன் ஜோசப் கார்வாலோ அடிகளாரும் மட்டும் வீடு வீடாகப் போனாங்க. கைவிடப்பட்டவங்களைத் தேடி எடுத்துக் கழுவினாங்க, கஞ்சி ஊட்டினாங்க, செத்தவங்களுக்குக் குழி தோண்டினாங்க. பௌத்தரா கத்தோலிக்கரான்னு பார்க்கல. மாசக்கணக்கில் இதே வேலை. கொரோனா சமயத்தில் பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அடிக்கவே தயங்கின ஆள் நான், அதனால் இந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன்.

1711 ஜனவரி 16-ல் கண்டியில் இறந்தார். கடைசி வரைக்கும் கோவாவுக்குத் திரும்பல. 2015 ஜனவரி 14-ல் போப் பிரான்சிஸ் கொழும்பு காலி முகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைப் புதைத்த இடம் மட்டும் இன்னும் கிடைக்கல.