நம்ம ஊர் மணலும் ஹோமி பாபாவும்

அணுக்கரு வேதியியல் என்றாலே கியூரி அம்மையாரைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். நான் ஹோமி ஜஹாங்கீர் பாபாவை எடுத்திருக்கிறேன். அவர் போட்ட திட்டத்தின் மூலப்பொருள் நம்ம தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் கிடக்கிறது என்பதுதான் காரணம்.

பாபா 1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் பிறந்தார். பையன் இன்ஜினியராகி டாடா இரும்பு ஆலையில் சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பாபாவுக்கோ இயற்பியல் மேல்தான் மனசு. இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கினால் பிறகு பிடித்ததைப் படிக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். 1930-ல் வாங்கியும் காட்டினார். (நம்ம வீடுகளில் இந்த ஒப்பந்தம் செல்லுமா?)

1939-ல் லீவுக்கு இந்தியா வந்தவர், உலகப்போர் தொடங்கியதால் திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரில் சர் சி.வி. ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர் ஆனார். 1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கியது.

இனிதான் முக்கியமான விஷயம். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும் கேரளக் கடற்கரையிலும் மோனசைட் என்ற தாதுவில் அது இருக்கிறது. ஆனால் தோரியத்தை அப்படியே உலையில் போட்டு மின்சாரம் எடுக்க முடியாது. அதை முதலில் யுரேனியமாக மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது நாம் பாடத்தில் படிக்கும் பீட்டா சிதைவுதான்.

தோரியம்-232 ஒரு நியூட்ரானை விழுங்கினால் தோரியம்-233 ஆகும். இதன் அரை ஆயுட்காலம் சுமார் 22 நிமிடம். உட்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, பீட்டா துகள் வெளியே வரும். அணு எண் 90 என்பது 91 ஆகிவிடும், நிறை எண் மாறாது. இது புரோட்டாக்டினியம்-233. இதுவும் அதே மாதிரி சிதைந்து யுரேனியம்-233 ஆகும். ஆனால் இதன் அரை ஆயுட்காலம் 27 நாள்!

நம்ம ஊர் முந்திரிக்கொட்டையை வைத்துச் சொல்கிறேன். மூட்டையில் 80 கொட்டை இருந்தால், 27 நாளில் ஏறக்குறைய 40 மாறியிருக்கும், 40 மிஞ்சும். அடுத்த 27 நாளில் மிஞ்சுவது பூஜ்ஜியம் இல்லை, 20. எந்தக் கொட்டை எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. சூடாக்கினாலும் நசுக்கினாலும் வேகம் கூடாது. வேதிவினைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

தோரியத்துக்கு நியூட்ரான் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? இதற்குத்தான் பாபா 1954-ல் மூன்று கட்டத் திட்டம் சொன்னார். முதலில் யுரேனியத்தை எரித்து, அதில் கிடைக்கும் புளூட்டோனியத்தை எடுப்பது. அதை வேக ஈனுலையில் எரித்து, சுற்றிலும் தோரியத்தை வைப்பது. கடைசியில் யுரேனியம்-233 கொண்டு ஓடும் உலைகள். ஒரு தலைமுறையில் முடிகிற காரியம் இல்லை. தெரிந்தேதான் ஆரம்பித்தார், அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது.

1966 ஜனவரி 24-ல் வியன்னா கூட்டத்துக்குப் போகும் வழியில், அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 117 பேரும் இறந்தார்கள். பாபாவுக்கு 56 வயது. அழகாக ஓவியம் வரைவார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் இறந்து 30 வருஷம் கழித்து, 1996-ல் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய ஆராய்ச்சி உலை யுரேனியம்-233 எரிபொருளில் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 30 கிலோவாட்தான். தோரியத்தை நம்பி ஓடும் பெரிய மின் நிலையம் இன்னும் வரவில்லை. மணல் எடுத்தால் கடற்கரை பாழாகும், உடம்புக்கும் ஆகாது என்று குமரி மாவட்ட மீனவ மக்கள் எதிர்த்தும் வருகிறார்கள்.