கூடு கலைக்காத வேட்டுவர்

அறியவேண்டும் என்னும் அவா மக்கட் பிறவிக்கு இயல்பாய் அமைந்தது. அஃது இருவழியிற் செல்லும். அறியக் கருதிய பொருளைக் கைப்பற்றி, வேண்டுமாயின் அதனை அழித்தும் அறிந்துகொள்வது ஒரு வழி. அப்பொருளை அதன் போக்கிலே இருக்கவிட்டு, அறிவான் தான் அடங்கி ஒதுங்கி நின்று அறிந்துகொள்வது மற்றொரு வழி. முன்னது எளிது, விரைவிற் பயன் தருவது. பின்னது அரிது, காலமும் பொறுமையும் வேண்டுவது. முன்னை வழியிற் பழகி வளர்ந்து, பின்னை வழியைத் தம் முயற்சியாற் கண்டு, அதன்கண் பிறரையும் நடப்பித்த ஒருவரது வாழ்க்கையை ஈண்டு நாம் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் ஆங்கில நாட்டுப் பறவைநூல் வல்லார் ரிச்சர்டு கியர்ட்டன் என்பார். பறவைகளை அவை வாழும் இடத்திலேயே நிழற்படம் பிடிக்கும் கலைக்கு அவரும் அவர்தம் இளவல் செர்ரி கியர்ட்டனும் முன்னோடிகளாவர்.

இங்கிலாந்தின் வடபாலுள்ள யார்க்ஷயரில், ஸ்வேல் என்னும் ஆறு மலைகளினூடே இழிந்து வரும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் மேற்பாகத்தே கல்வீடுகள் சிலவே கொண்ட சிற்றூர் த்வெயிட் என்பது. ஆடு வளர்த்தும் பயிர் செய்தும் வாழ்ந்த குடும்பமொன்றில், 1862-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ரிச்சர்டு அவ்வூரிற் பிறந்தார். செர்ரி பிறந்தது 1871-இல். அண்டை ஊராகிய மியூக்கரிலுள்ள சிறு பள்ளியில் இருவரும் பயின்றனர். ஆயினும் அவர்கட்குப் பெரும்பள்ளியாய் விளங்கியது ஊரைச் சூழ்ந்த மேட்டுநிலமே. எப்புதரில் எப்பறவை கூடு கட்டும், எம்மாதத்தில் முட்டையிடும், எவ்வொலி அச்சத்தைக் குறிக்கும், எவ்வொலி குஞ்சை அழைக்கும் என்பனவெல்லாம் நூலிற் காணாமலே அவர்கள் அறிந்தவை.

அக்காலத்துச் சிறுவர் அனைவரையும் போல் ரிச்சர்டும் கூடு தேடித் திரிபவர். அவ்வாறு கூடு நாடி ஏறிய ஒருநாள் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு மூட்டினின்றும் பிறழ்ந்தது. செவ்வனே பொருத்தப்படாமையின் ஒரு கால் குறுகிற்று. வாழ்நாள் முழுதும் அவர் ஊன்றி ஊன்றி நடக்கலாயினர். மலையும் பாறையும் நிறைந்த ஊரில், ஆட்டின் பின்னே ஓடவேண்டிய குடியில் பிறந்த ஒரு சிறுவற்கு இஃது எத்துணைப் பெரிய இடி என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பறவையை வெறுத்துக் கூட்டை மறந்திருப்பினும் அவரைக் குறைகூறுவார் இலர். அவரோ மறந்திலர். ஓட இயலாதவர் உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தே அவருக்குப் பெயர் தந்த பொறுமை இவ்வூனத்தினின்றே தோன்றியது போலும் என்று கருதத் தோன்றுகிறது.

அவர் ஊரை விட்டு வெளிப்போந்த வரலாறு வியப்பிற்குரியது. க்ரௌஸ் என்பது அம்மேட்டுநிலங்களில் வாழும் கோழியினப் பறவை. செல்வர் அதனை வேட்டையாட ஆண்டுதோறும் அங்கு வருவது வழக்கம். அவ்வாறு வந்த ஒருவர், இலண்டன் மாநகரிற் பெயர்பெற்ற காசெல் என்னும் நூற்பதிப்புக் கழகத்தைச் சார்ந்த குடும்பத்தினர். ரிச்சர்டு அப்பறவையின் குரலைத் தம் வாயால் எழுப்பிப் பறவைகளை அழைக்கும் திறங்கண்டு அவர் மகிழ்ந்து, அக்கழகத்தில் ஒரு வேலை தருவித்தார். 1882-இல் இருபது வயது நிரம்பிய ரிச்சர்டு இலண்டன் சேர்ந்தார். தந்தையார் 1887-இல் மறைந்தபின் செர்ரியும் தமையனாரைத் தொடர்ந்து அதே கழகத்திற் பணிபுரிய வந்தார். புகைசூழ்ந்த பெருநகரில் வாரமெல்லாம் எழுத்துவேலை. ஓய்வு கிடைத்த போழ்தெல்லாம் நகர்ப்புறத்து வேலிகளிலும் சோலைகளிலும் பறவைத் தேட்டம். இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தன.

இவ்விடத்தே அந்நாளைய பறவையாராய்ச்சியின் நிலையைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. அறிவுடையார் பலருக்கு அக்காலத்திற் பறவை என்பது துப்பாக்கியால் வீழ்த்தித் தோலுரித்துப் பஞ்சடைத்துப் பேழையில் வைக்கும் பொருளாயிருந்தது. முட்டையோ, ஊசியால் துளைத்து உள்ளீட்டை ஊதி நீக்கி, ஓட்டைப் பஞ்சின்மேல் வரிசையாய் அடுக்கும் பொருளாயிருந்தது. சிறுவரும் பெரியோரும் ஒருங்கே இம்முட்டை சேர்ப்பில் மூழ்கினர். பறவை அருகுந்தோறும் அதன் விலை ஏறும். விலை ஏறுந்தோறும் பறவை இன்னும் அருகும். பறக்கவியலாத பேரோக்கு என்னும் கடற்பறவையின் இறுதி இணை, ஐஸ்லாந்துக்கு அணித்தான எல்டித் தீவில் 1844-இல் கொல்லப்பட்டது. அதுவும் சேகரிப்பார்க்கு விற்கும் பொருட்டே. ஓர் இனத்தின் மீது கொண்ட பற்றே அவ்வினத்திற்குக் கூற்றமாய் முடிந்தது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

ரிச்சர்டும் இவ்வழக்கிற்குப் புறம்பானவரல்லர். 1890-இல் அவர் வெளியிட்ட முதல் நூல் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் முட்டை சேர்க்கும் முறையையும் பற்றியதே. இதனை நாம் மறைத்தல் நன்றன்று. பெரியோரைப் பிறவியிலேயே பெரியோராகக் காட்டுவதினும், அவர் எங்கு நின்று எங்குச் சென்றார் எனக் காட்டுவதே நமக்குப் பயன்படும்.

திருப்பம் 1892-ஆம் ஆண்டில் நேர்ந்தது. செர்ரி சிறு விலைக்கு ஒரு காமிராவைத் தேடிக்கொண்டார். அவ்வாண்டு வேனிற்பருவத்தின் தொடக்கத்தில், இலண்டனுக்கு அணித்தான ஓரிடத்தில், பாடுந் திரஷ் என்னும் பறவையின் கூட்டினை அதன் முட்டைகளோடு அவர் படம் பிடித்தார். அப்படம் தெளிவாய் அமைந்தது. அதனைக் கண்ட ரிச்சர்டின் உள்ளத்தில் ஒரு பேரெண்ணம் உதித்தது. கூட்டை எடுத்துவராமலே கூட்டை எடுத்துவரலாம். முட்டையைத் தொடாமலே முட்டையை ஊரார்க்குக் காட்டலாம். தாய்ப்பறவை ஏதும் இழவாது மீண்டும் அமர்ந்து அடைகாக்கும். அப்படியாயின் பேழைகள் எதற்கு? பஞ்சு எதற்கு?

அதன்பின் இருவரும் மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் தீவுகளிற் கூடு தேடி உழைத்தனர். அக்காலத்துக் காமிரா மரப்பெட்டியாய்க் கனத்தது; படம் கண்ணாடித் தகடுகளிற் பதிவது. தகடுகளின் உணர்ச்சி மந்தமாதலின் அசையும் பறவையைப் பிடித்தல் அரிது. அசையாத கூடே முதற்கண் கைவரும். உயர்ந்த வேலிகளில் உள்ள கூட்டிற்கு முக்காலியின் கால்களை நீளக் கட்டி, தமையனார் தோள்மேல் இளவல் ஏறி நின்று படம் பிடித்ததும் உண்டு. கடற்பாறைகளில், இரும்புக்கோலை உச்சியில் அறைந்து கயிறு பிணித்து, காமிராவைச் சுமந்துகொண்டு கீழே அலைகள் முழங்க அந்தரத்தில் தொங்கினர். இவ்வுழைப்பின் பயனாய்ப் பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிய நூல் 1895-இல் வெளிவந்தது. முற்றும் இயற்கையினின்று எடுத்த நிழற்படங்களால் விளக்கப்பட்ட இத்தகைய நூல்களுள் இதுவே முதலாவது என்ப. எழுத்து ரிச்சர்டுடையது, படம் செர்ரியுடையது. ஒருவர் அறிவும் மற்றொருவர் கையும் கூடி ஒரு கண்ணாயின.

மறு ஆண்டாகிய 1896-இல் இருவரும் ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் தனித்து நிற்கும் செயிண்ட் கில்டா என்னும் தீவுக்குச் சென்றனர். அங்கு வாழ்ந்த மக்கள் பாறைகளில் இறங்கிக் கடற்பறவைகளையும் முட்டைகளையும் பிடித்தே உயிர்வாழ்ந்தவர். கால் ஊனமுற்ற ரிச்சர்டு அம்மக்களொடு பழகி, அவர்தம் வாழ்வையும் பறவைகளின் வாழ்வையும் ஒருங்கே எழுதினார். பிழைப்பிற்காகப் பறவை கொள்வாரையும், பெருமைக்காகப் பறவை கொள்வாரையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் தகாது என்பதற்கு அத்தீவு ஒரு சான்று. 1930-இல் எஞ்சியிருந்த முப்பத்தாறு பேரும் தீவை விட்டு நீங்க, இன்று அப்பாறைகள் பறவைகட்கே உரிய புகலிடமாயின.

கூட்டைப் படம் பிடித்தல் ஒன்று. கூட்டிலமரும் பறவையைப் படம் பிடித்தல் பிறிதொன்று. மனிதனைக் கண்டால் பறவை அணுகாது. நெடும்பொழுது அணுகாதாயின் முட்டை குளிரும், குஞ்சு பசியால் மடியும். கொல்லாமல் வேட்டையாட வந்தவர் தம் வரவினாலேயே கொல்ல நேரும். இவ்விடரைக் களைய இருவரும் கண்டது மறைவிடம். ஒருகால் மரத்துண்டு போற் சட்டம் அமைத்து, துணியைப் பட்டையின் நிறமாகத் தீட்டி, அதனுள்ளே நின்றனர். ஒருகால் பாறை போற் கூடாரம் செய்தனர். பஞ்சடைத்த ஆட்டின் உடலில் காமிராவை மறைத்து, தொலைவினின்று ரப்பர்க் குமிழை அழுத்திக் காற்றுக்குழாய் வழியே அதனை இயக்கினர்.

எல்லாவற்றினும் பெயர்பெற்றது 1900-இல் செய்த எருது. காளையொன்றன் தோலைச் சட்டத்தின்மேற் போர்த்து, உள்ளே ஓராள் காமிராவோடு குனிந்து நிற்குமாறு அமைத்தனர். மேய்நிலத்திற் பழகிய பறவைகள் எருதைக் கண்டு அஞ்சுவதில்லை. உள்ளே இருப்பவர் நிலையோ இரங்கத்தக்கது: முதுகு நிமிர்த்தலாகாது, கால் மாற்றலாகாது, இருமலாகாது. ஒருநாள் ரிச்சர்டு உள்ளிருக்கையில் எருது கவிழ்ந்து, நான்கு கால்களும் வானை நோக்கிக் கிடந்ததாம். அவ்வழி வந்த செர்ரி தமையனாரை விடுவிக்குமுன் அக்காட்சியை ஒரு படம் பிடித்துக்கொண்டனர் என்பது நகைப்பிற்குரிய செய்தி. நகைத்துவிட்டு ஒன்றை நினைவு கூர்தல் வேண்டும். ஒரு சிறு பறவையின் அமைதி கலையாதிருத்தற்பொருட்டு, ஊனமுற்ற காலோடு எருதின் வயிற்றுள் மணிக்கணக்காக நிற்க இசைந்தவர் அவர்.

கழகப் பணியினின்று விலகியபின் எழுத்தும் சொற்பொழிவுமே ரிச்சர்டின் தொழிலாயின. ஒளிவிளக்கின் துணையால் வெண்திரையில் பறவைப் படங்களைக் காட்டி, ஊர்தோறும் பேசினார். கில்பர்ட் ஒயிட் என்னும் பழைய இயற்கைப் புலவர் செல்போர்ன் ஊரைப்பற்றி எழுதிய நூலை, 1902-இல் குறிப்புகளோடும் தம்மிருவர் படங்களோடும் பதிப்பித்தார். 1926-இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1928 பிப்ரவரியில், அறுபத்தாறாம் வயதில் உலகை நீத்தார்.

செர்ரியோ, தமையனார் திறந்த வாயில் வழியே இன்னும் தொலைவு சென்றார். நகரும் படத்தைக் கைக்கொண்டு ஆப்பிரிக்கா முதலிய நாடுகட்குச் சென்று விலங்குகளைப் படமாக்கினார். தென்னாப்பிரிக்கக் கரைக்கு அணித்தான டாசென் தீவின் பெங்குவின்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பலரை மகிழ்வித்தது. 1940 செப்டம்பரில், இலண்டன் வானொலி நிலையத்தில் சிறுவர்க்குரிய நிகழ்ச்சியொன்றிற் பேசி வெளிவந்த சிறிது போழ்தில் அவர் உயிர் நீங்கிற்று. அவரைக் கண்டும் கேட்டும் கிளர்ச்சியுற்ற சிறுவருள் ஒருவரே, பின்னாளில் தொலைக்காட்சி வாயிலாக உலகோர்க்கு உயிரினங்களைக் காட்டிய டேவிட் அட்டன்பரோ. விளக்கினின்று விளக்கு ஏற்றப்படுதல் இதுவே.

பிரிட்டனில் காட்டுப் பறவைகளின் முட்டைகளைக் கவர்தலைப் பெரிதும் தடுத்த சட்டம் 1954-இல் வந்தது. பறவைகளைக் காக்க 1889-இலேயே ஒரு சங்கம் தோன்றி உழைத்தது. ஆதலின் அம்மாற்றத்தை ஒருவர் செயலெனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் சட்டம் விலக்கத்தான் வல்லது. விலக்கிய இன்பத்திற்கு ஈடாக மற்றோர் இன்பத்தைத் தருதல் சட்டத்தின் தொழிலன்று. முட்டை சேர்த்த சிறுவன் கையில் ஊசிக்கு மாற்றாகக் காமிராவைத் தந்தவர் கியர்ட்டன் சகோதரர். வேட்கையை அவர் அடக்கச் சொல்லவில்லை. அதற்கு நல்வழி காட்டினர்.

காமிரா கைக்கொண்டார் யாவரும் கொல்லாதவர் என்று நாம் எண்ணிவிடலாகாது. கூட்டை மறைக்கும் கிளையைப் படத்தின் பொருட்டு ஒடித்தால் காக்கை கண்டுகொள்ளும். படத்தின் மேலுள்ள ஆசையால் அணுக்கம் மிகுந்தால் தாய் கூட்டைத் துறக்கும். கருவி குற்றமற்றது, கையாளும் உள்ளமே அதனை அறமாக்குவதும் மறமாக்குவதும். எருதின் வயிறு ஒரு தந்திரமன்று, ஒரு நாணம். பிறவுயிரின் இல்லத்தில் அழையாது புகுந்தவன் கொள்ளவேண்டிய நாணம்.

பறவை ஆராயாத நமக்கும் இதிற் கற்பது உண்டு. பழம்பாடல் ஒன்றைப் பயிலும்போது, அது சொல்வதைக் கேட்குமுன் நம் கருத்தை அதன்மேல் ஏற்றிப் பொருள் கொள்ளும் அவசரம் நம்மிற் பலர்க்கு உண்டு. அயலான் ஒருவனைப் பற்றித் தீர்ப்புரைக்கும்போதும் அஃதே. உயிரைப் போக்கிப் பஞ்சடைத்து, இதுவே பறவை என்று காட்டும் அறிவு அது. அடங்கி நின்று, ஓசையின்றிக் காத்து, தன்னை மறைத்து, எதிருள்ள பொருள் தன்னியல்பிற் பேசக் கேட்கும் அறிவே நாம் கல்லூரியில் நாடத்தக்கது.

த்வெயிட் ஊரில் கியர்ட்டன் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டு வாயிலின் மேல் பறவையும் விலங்கும் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. மியூக்கரில் அவர் பயின்ற பள்ளிச் சுவரில் இருவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கூட்டைக் கவர ஏறி விழுந்த சிறுவன், எண்ணிறந்த கூடுகளை அவையவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உலகிற்கு வழங்கிச் சென்றனன்.