பவுல் ருடோல்ஃப்

பவுல் ருடோல்ஃப் (நவம்பர் 14, 1858 – மார்ச் 8, 1935) செருமனி நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளரும் ஒளிப்பட வில்லை வடிவமைப்பாளரும் ஆவார். யெனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது புரோட்டார், பிளானார், டெசார் ஆகிய வில்லைகளை உருவாக்கினார். முதுமைக் காலத்தில் கெர்லிட்ஸ் நகரின் ஹூகோ மேயர் நிறுவனத்தில் பணியாற்றி, பிளாஸ்மாட் வில்லையை வெளிக்கொணர்ந்தார். இருட்டறையில் படங்களைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவிக்கு மாற்று வில்லை தேடுவோர் பெரும்பாலும் டெசார் வகைக்கும் பிளாஸ்மாட் வகைக்கும் இடையிலேயே தேர்வு செய்ய வேண்டியுள்ளது. இவ்விரண்டும் இவருடைய வாழ்க்கையின் இருவேறு காலகட்டங்களைச் சேர்ந்தவை.

இளமையும் கல்வியும்

ருடோல்ஃப், சாலே ஆற்றங்கரையில் அமைந்துள்ள காலா என்னும் சிற்றூரில் பிறந்தார். துரிங்கியாப் பகுதியைச் சேர்ந்த இவ்வூர் யெனா நகருக்கு அருகில் உள்ளது. கணிதமும் இயற்பியலும் பயின்று முனைவர் பட்டம் பெற்ற இவர், 1886ஆம் ஆண்டு கார்ல் சைஸ் தொழிலகத்தில் எர்ன்ஸ்ட் அபேயின் உதவியாளராகச் சேர்ந்தார்.

சைஸ் தொழிலகம் அந்நாளில் நுண்ணோக்கிகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. தேய்த்துப் பார்த்துத் திருத்தும் பழைய முறையைக் கைவிட்டு, வில்லைகளை முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்யும் முறையை அபே அங்கு நிலைநாட்டியிருந்தார். 1884இல் அபே, கார்ல் சைஸ் ஆகியோருடன் இணைந்து ஓட்டோ ஷாட் யெனாவில் ஒரு கண்ணாடி ஆய்வகத்தைத் தொடங்கினார். அங்கு உருவான பேரியம் கலந்த புதுவகைக் கண்ணாடிகளே ருடோல்ஃபின் பணிக்கு அடிப்படையாக அமைந்தன.

தட்டையான பிம்பத்தின் சிக்கல்

ஒளிப்படத் தட்டு தட்டையானது. ஆனால் எளிய வில்லை ஒன்று உண்டாக்கும் பிம்பம், கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்த பரப்பில் விழுகிறது. இதனால் படத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்கும்போது ஓரங்கள் மங்குகின்றன. ஓரங்களைத் தெளிவாக்கினால் நடுப்பகுதி மங்குகிறது. இதனுடன் இன்னொரு குறையும் உண்டு. வில்லையின் அச்சிலிருந்து விலகியுள்ள ஒரு புள்ளி, புள்ளியாகக் குவியாமல், வெவ்வேறு தொலைவுகளில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளாகக் குவிகிறது. இது அஸ்டிக்மாட்டிசம் எனப்படும்.

யோசப் பெட்சுவால் 1840இல் கணக்கிட்ட புகழ்பெற்ற வில்லை, முகப்படங்களின் நடுப்பகுதியைக் கூர்மையாகக் காட்டியது, ஓரங்கள் மங்கின. 1866இல் வெளிவந்த சமச்சீர் வில்லைகள் நேர்கோடுகளை வளைக்காமல் காட்டின. எனினும் அவற்றிலும் அஸ்டிக்மாட்டிசம் நீங்கவில்லை. பழைய கண்ணாடிகளில் ஒளிவிலகல் எண் கூடினால் நிறப்பிரிகையும் உடன் கூடியது. ஆகவே நிறக்குறையை நீக்கிய வில்லையில் பிம்பத்தையும் தட்டையாக்குவது இயலாததாக இருந்தது. ஒளிவிலகல் எண் கூடியதாகவும் நிறப்பிரிகை குறைந்ததாகவும் இருந்த யெனா கண்ணாடிகள் இத்தடையை நீக்கின.

புரோட்டார்

1890ஆம் ஆண்டு ருடோல்ஃப் தம் முதல் பெரும் வெற்றியைக் கண்டார். வில்லையின் முன்பகுதியில் பழைய கண்ணாடிகளாலான இணையையும், பின்பகுதியில் புதிய கண்ணாடிகளாலான இணையையும் அமைத்தார். முன் இணை கோளப் பிறழ்ச்சியைத் திருத்தியது. பின் இணை அஸ்டிக்மாட்டிசத்தைத் திருத்தியது. அனஸ்டிக்மாட் என்னும் பெயருடன் வெளிவந்த இவ்வில்லைக்கு 1900இல் புரோட்டார் எனப் பெயரிடப்பட்டது. லண்டனின் ராஸ், அமெரிக்காவின் பாஷ் அண்டு லாம் முதலிய நிறுவனங்களும் சைஸிடம் உரிமம் பெற்று இதனைத் தயாரித்தன.

பிளானார்

1896இல் ருடோல்ஃப் உருவாக்கிய பிளானார் ஆறு கண்ணாடிகளைக் கொண்டது. நடுவிலுள்ள துளையின் இருபுறமும் கண்ணாடிகள் சமச்சீராக அமைந்திருந்தன. பிம்பம் தட்டையாக விழுந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. ஒரே ஒளிவிலகல் எண்ணும் வெவ்வேறு நிறப்பிரிகையும் கொண்ட இரு கண்ணாடிகளை ஒட்டி, மற்றத் திருத்தங்கள் கெடாமல் நிறக்குறையை மட்டும் சரிசெய்யும் உத்தியை இவர் இதில் கையாண்டார்.

ஆயினும் பிளானார் அக்காலத்தில் பரவலாகப் பயன்படவில்லை. அதில் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் எட்டு இருந்தன. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு ஒளி எதிரொளித்துத் திரும்புவதால், எட்டுப் பரப்புகளைக் கடக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி இழக்கப்பட்டது. எதிரொளித்த ஒளியில் ஒரு பகுதி படத்தின் மீதே சிதறி, கறுப்பைச் சாம்பலாக்கியது. கணக்கில் சிறந்த வில்லை நடைமுறையில் பின்தங்கியது.

டெசார்

குறைந்த கண்ணாடிகளில் நிறைந்த பயன் பெறுவதே ருடோல்ஃபின் அடுத்த முயற்சியாக இருந்தது. 1899இல் தனித்தனியாக நிற்கும் நான்கு கண்ணாடிகளைக் கொண்ட உனார் வில்லையை வடிவமைத்தார். பின்னர் உனாரின் முன்பகுதியையும் புரோட்டாரின் ஒட்டிய பின்பகுதியையும் இணைத்து, எர்ன்ஸ்ட் வான்டர்ஸ்லெப்பின் துணையுடன், 1902இல் டெசார் வில்லையை உருவாக்கினார். நான்கு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் 1893இல் உருவாக்கிய மூன்று கண்ணாடி வில்லையைத் திருத்தியே டெசார் செய்யப்பட்டது என்ற கருத்து பரவலாக உள்ளது. தோற்றத்தில் ஒற்றுமை இருப்பினும் ருடோல்ஃப் வந்த வழி வேறு. முதலில் எஃப்/6.3 துளையுடன் வெளிவந்த டெசார், வான்டர்ஸ்லெப்பின் தொடர்பணியால் மேலும் பெரிய துளைகளைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் மிகுதியாகப் பின்பற்றப்பட்ட வில்லை அமைப்புகளுள் இதுவும் ஒன்று.

ஓய்வும் வறுமையும்

1911இல் ருடோல்ஃப் சைஸ் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்றை எட்டவில்லை. ஈட்டிய செல்வத்தைக் கொண்டு எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழிக்கும் நிலையில் இருந்தார். ஆனால் முதல் உலகப் போரும் அதைத் தொடர்ந்த பணவீக்கமும் அந்நிலையை மாற்றின. மார்க் பணத்தின் மதிப்பு வீழ்ந்ததால் செருமனியின் நடுத்தர மக்கள் பலரைப் போலவே ருடோல்ஃபும் தம் சேமிப்பை இழந்தார். அறுபது வயதைக் கடந்த நிலையில், பிழைப்புக்காக மீண்டும் வில்லைக் கணக்குகளுக்குத் திரும்ப நேர்ந்தது. இம்முறை அவர் பணியாற்றியது சைஸ் நிறுவனத்துக்கு அன்று. அதன் போட்டியாளர்களுள் ஒன்றான ஹூகோ மேயர் நிறுவனத்துக்கு ஆகும்.

பிளாஸ்மாட்

ருடோல்ஃப் 1918இல் காப்புரிமை கோரிய பிளாஸ்மாட் வில்லையை ஹூகோ மேயர் நிறுவனம் தயாரித்து விற்றது. ஆறு கண்ணாடிகளைக் கொண்ட இதில், துளையின் இருபுறமும் ஓர் ஒட்டிய இணையும், அதனிடமிருந்து சிறு காற்றிடைவெளியால் பிரிக்கப்பட்ட ஒரு தனிக் கண்ணாடியும் இருந்தன. இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. 1903இல் வெளிவந்த யூரிபிளான் வில்லை இதற்கு முன்னோடியாகும். இருப்பினும் இவ்வகைக்கு நிலைத்த பெயரைத் தந்தது ருடோல்ஃபின் வில்லையே. 1922இல் திரைப்படக் கருவிகளுக்கான கினோ-பிளாஸ்மாட் வில்லையையும் இவர் வடிவமைத்தார். எஃப்/1.5 என்னும் அதன் துளை அக்காலத்தில் மிகப் பெரியதாகும்.

பிளானாரைப் போலவே பிளாஸ்மாட்டிலும் எட்டுப் பரப்புகள் இருந்ததால், அதன் முழு ஆற்றல் உடனே வெளிப்படவில்லை.

மறைவு

ருடோல்ஃப் 1935ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் நியூரம்பெர்க் நகரில் தமது 76ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டில், அவர் முன்னர் பணியாற்றிய சைஸ் நிறுவனத்தில், அலெக்சாண்டர் சுமாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு முறையைக் கண்டுபிடித்தார். எட்டுப் பரப்புகளால் ஏற்பட்ட ஒளியிழப்பு அதன் பின்னர் பெரும் தடையாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பூச்சிட்ட வில்லைகள் பரவலானபோது பிளானார், பிளாஸ்மாட் ஆகிய இரு அமைப்புகளும் புத்துயிர் பெற்றன. அதனைக் காண ருடோல்ஃப் உயிருடன் இல்லை.

இருட்டறையில் ருடோல்ஃபின் வில்லைகள்

ருடோல்ஃப் பணியைத் தொடங்கிய காலத்தில் பெரிய கண்ணாடித் தட்டுகளைத் தாளின் மீது வைத்தே படம் எடுப்பது பெருவழக்காக இருந்தது. 1925இல் லைக்கா ஒளிப்படக்கருவி விற்பனைக்கு வந்த பின் சிறிய நெகட்டிவ்கள் பரவின; அவற்றைப் பெரிதாக்க என்லார்ஜர் இன்றியமையாததாயிற்று. இங்கு நெகட்டிவ், தாள் ஆகிய இரண்டும் தட்டையானவை. எனவே ருடோல்ஃப் தீர்த்த சிக்கல் ஒளிப்படக்கருவியைவிட இருட்டறையிலேயே மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

என்லார்ஜர் வில்லைகள் பொதுவாக மூன்று வகைப்படும். மூன்று கண்ணாடிகளைக் கொண்டவை விலை குறைந்தவை. சிறிய படங்களுக்குப் போதுமானவை. நான்கு கண்ணாடிகளைக் கொண்டவை டெசார் வகையின. நடுத்தர அளவுப் படங்களுக்கு, துளையை இரண்டு நிலைகள் சுருக்கிப் பயன்படுத்தும்போது நன்கு பயன் தருபவை. ஷ்னைடர் நிறுவனத்தின் கொம்பரன் இதற்கு எடுத்துக்காட்டு. ஆறு கண்ணாடிகளைக் கொண்ட கொம்பொனொன், ரோடன்ஸ்டாக் நிறுவனத்தின் ரோடகொன் முதலியன பிளாஸ்மாட் வகையைச் சார்ந்தவை. தொலைவிலுள்ள காட்சிக்கெனத் திருத்தப்பட்ட ஒளிப்படக்கருவி வில்லை, என்லார்ஜரின் குறுகிய தொலைவுகளில் அதே தெளிவைத் தருவதில்லை. சமச்சீருக்கு நெருங்கிய பிளாஸ்மாட் அமைப்போ, முன்பகுதியின் குறைகள் சிலவற்றைப் பின்பகுதியால் ஈடுசெய்வதால் அத்தொலைவுகளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

மாற்று வில்லையின் குவியத் தொலைவு நெகட்டிவின் அளவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 35 மி.மீ. படச்சுருளுக்கு 50 மி.மீ., 6×6 செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80 மி.மீ., 6×9 செ.மீ. நெகட்டிவுக்கு 105 மி.மீ. என்பன வழக்கமான அளவுகள். நெகட்டிவ் வெப்பத்தால் வளைந்திருந்தாலும், நெகட்டிவும் தாளும் இணையாக இல்லாவிட்டாலும் ஓரங்கள் மங்கும். எனவே வில்லையை மாற்றுமுன் இவற்றைச் சரிபார்ப்பது முறையாகும். பழைய வில்லைகளில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, ஒட்டிய கண்ணாடிகளுக்கு இடையில் பசை விட்டிருக்கிறதா என்பதையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். டெசார் வகையில் ஒட்டிய இணை ஒன்று. பிளாஸ்மாட் வகையில் இரண்டு.

டெசார், வளமான நிறுவனத்தில் இளம் உதவியாளர்களுடன் பணியாற்றிய காலத்தின் விளைவாகும். பிளாஸ்மாட், சேமிப்பை இழந்த முதியவர் ஒருவர் மீண்டும் உழைத்துப் பெற்ற விளைவாகும். பெரிய அளவிலான படங்களை உருவாக்குவதற்கு இருட்டறைகளில் மிகுதியும் விரும்பப்பட்டது இரண்டாவது வகையே.