ஹாரி கோல்மெரி

ஹாரி டபிள்யூ. கோல்மெரி (டிசம்பர் 11, 1890 – ஆகஸ்ட் 23, 1979) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஆவார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் கல்லூரியில் பயில வழிவகுத்த ஜி. ஐ. சட்டத்தின் முதல் வரைவை எழுதியவர் இவரே.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்தின் பிராடக் நகரில் பிறந்தார். ஓபர்லின் கல்லூரியில் பயின்றபின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். முதலாம் உலகப் போரில் வானோட்டிகளுக்குப் பயிற்சி அளித்தார். பின்னர் கேன்சஸ் மாநிலத்தின் டொபீக்கா நகரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1936 இல் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பின் தேசியத் தலைவரானார்.

சட்ட வரைவு

முதலாம் உலகப் போருக்குப்பின் வீடு திரும்பிய வீரர்கள் பெற்றது 60 டாலரும் தொடருந்துப் பயணச்சீட்டும் மட்டுமே. 1932 இல் தமக்குரிய ஊக்கத்தொகையைக் கேட்டு வாசிங்டனில் திரண்ட முன்னாள் வீரர்களைப் படையினரே விரட்டினர். அந்நிலை மீண்டும் நேரக்கூடாது எனக் கருதிய கோல்மெரி, வாசிங்டனின் மேஃபிளவர் விடுதியில் தங்கி, விடுதியின் கடிதத்தாள்களில் வரைவைக் கையால் எழுதினார். 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

விளைவுகள்

இச்சட்டம் ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், படிக்கும் காலத்தில் மாத உதவித்தொகையும் வழங்கியது. 1956 வரை சுமார் 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் சுமார் 22 இலட்சம் பேர் கல்லூரிகளில் பயின்றனர். ஆயினும் இனப்பாகுபாட்டினால் தென் மாநிலக் கறுப்பின வீரர்கள் பலர் இதன் முழுப் பயனை அடையவில்லை.

நினைவு

2017 இல் இப்பயன்களை விரிவாக்கி இயற்றப்பட்ட சட்டத்திற்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவில் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி பயில உதவும் பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் 2006 இல் தொடங்கப்பட்டது.