தண்ணீர் வந்த வழியைத் தேடிப்போன டாக்டர் ஜான் ஸ்நோ

விஞ்ஞானிகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் நியூட்டன், எடிசன், நம் சர். சி.வி. ராமன் ஆகியோர். அந்த வரிசையில் வைத்துப் போற்ற வேண்டிய இன்னொருவர் டாக்டர் ஜான் ஸ்நோ. குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா என்று இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு 1854-ஆம் ஆண்டிலேயே தெருத்தெருவாக நடந்து விடை கண்டவர் இவர். அவருடைய வாழ்க்கையை, குறிப்பாக சிவில் படிக்கும் நாம், தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறப்பும் இளமையும்

1813-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் யார்க் நகரில் ஸ்நோ பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஆற்றங்கரையை ஒட்டிய ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்தார். 14 வயதில் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூத்த மகனை வேலைக்கு அனுப்பாமல் படிக்க அனுப்புவது ஒரு கூலிக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகவே புரியும்.

1831-ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்துக்குள் காலரா புகுந்தது. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கவனிக்க ஸ்நோ அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அதாவது நம்ம வயசு! வாந்திபேதியில் ஆட்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். கையில் மருந்து ஏதும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவர் மனதில் பதிந்தது. சுரங்கத்துக்குள் கழிப்பிடம் கிடையாது, கை கழுவத் தண்ணீர் கிடையாது. அதே கையால்தான் தொழிலாளர்கள் சாப்பிட்டார்கள்.

1836-ல் ஸ்நோ லண்டன் வந்தார். 1838-ல் மருத்துவத் தகுதி பெற்றார். 1844-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். மயக்க மருந்து கொடுப்பதில் அந்நாளில் இவருக்கு இணையான ஆள் இல்லை என்று பெயர் எடுத்தார். 1853-லும் 1857-லும் விக்டோரியா மகாராணியின் பிரசவங்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவரே. மது அருந்த மாட்டார், நெடுங்காலம் மரக்கறி உணவே உண்டார், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

காற்றா? தண்ணீரா?

அந்தக் காலத்தில் காலரா எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அழுகிய பொருட்களிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். ஸ்நோவுக்கு அது சரியாகப் படவில்லை. கெட்ட காற்று என்றால் நுரையீரல் அல்லவா முதலில் கெட வேண்டும்? இங்கே முதலில் கெடுவது குடல். அப்படியானால் நோய் வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது, பெரும்பாலும் குடிதண்ணீரோடு போகிறது என்று யோசித்தார். 1849-ல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஏற்றுக்கொண்டவர்கள் வெகு சிலரே.

பிராட் தெருப் பம்பு

1854 ஆகஸ்ட் 31 இரவு லண்டனில் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. மூன்றே நாளில் பிராட் தெருவையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த 127 பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு 616. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. ஸ்நோ ஓடவில்லை. இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரித்தார். சாவுகள் பெரும்பாலும் பிராட் தெருப் பம்பைச் சுற்றியே இருந்தன. தூரத்தில் இறந்த சிலரும், வேறு பம்பு பக்கத்திலேயே இருந்தும், பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று ஆள் அனுப்பி எடுத்து வரச் சொன்னவர்கள்!

அதே தெருவில் இருந்த மது ஆலையின் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் இறந்தவர்கள் ஐந்தே பேர். அங்கே தனிக் கிணறு இருந்தது.

ஸ்நோ இதையெல்லாம் உள்ளூர் நிர்வாகத்தினரிடம் எடுத்துச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் செப்டம்பர் 8-ஆம் நாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மை. பிறகு தோண்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கிணற்றிலிருந்து மூன்றடி தூரத்துக்குள் ஒரு வீட்டின் மலக்குழி. அதன் செங்கல் கட்டு சிதைந்து கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில்தான் முதலில் ஒரு கைக்குழந்தை நோயுற்றது. அதன் துணி அலசிய தண்ணீர் போன இடமும் அந்தக் குழிதான்.

ஒரே தெரு, இரண்டு குழாய்

பம்புக் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்றை ஸ்நோ அதே ஆண்டில் செய்தார். தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில் குழாய் போட்டு வீடுகளுக்குத் தண்ணீர் விட்டன. லேம்பெத் கம்பெனி 1852-ல் தன் நீரேற்று நிலையத்தை நகரக் கழிவு சேராத மேல் பகுதிக்கு, தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. சதர்க்–வாக்சால் கம்பெனியோ நகரச் சாக்கடை கலக்கும் பேட்டர்சீயிலேயே ஆற்று நீரை எடுத்தது. அடுத்தடுத்த வீடு, ஒரே காற்று, ஒரே தெரு. வேறுபாடு தண்ணீர் மட்டுமே.

தன் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்று பல குடித்தனக்காரர்களுக்கே தெரியாது. ஸ்நோ என்ன செய்தார் தெரியுமா? தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். நாம் லேபில் பிப்பெட்டும் ப்யூரெட்டுமாகச் செய்கிறோமே, குளோரைடு சோதனை, அதேதான்! கடல் ஓதம் ஏறும் பேட்டர்சீ நீரில் உப்பு ஏறக்குறைய 40 மடங்கு அதிகம். ஒரு சோதனையில் கம்பெனி எதுவென்று தெரிந்துவிட்டது. நோயின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: சதர்க்–வாக்சால் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 சாவு; லேம்பெத் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்கு 315 என்பதும் 37 என்பதும் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இவ்வளவு ஆதாரம் இருந்தும் அரசாங்கச் சுகாதாரக் குழு ஏற்கவில்லை. 1855-ல் 200 பவுண்டுக்கு மேல் சொந்தக் காசு போட்டு நூலை விரிவாக வெளியிட்டார். திரும்பி வந்தது சொற்பமே. 1858 ஜூன் 16-ஆம் நாள், 45-ஆம் வயதில் பக்கவாதத்தால் மறைந்தார். 1866-ல் கிழக்கு லண்டனில் மறுபடியும் காலரா வந்தபோதுதான் அவர் சொன்னது சரி என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். 1884-ல் ராபர்ட் கோக் நம் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். அதைப் பார்க்க ஸ்நோ இல்லை.

நம் நாட்டில்

நம் சென்னைக்கு 1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் வந்தது. திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை வந்து, வடிகட்டாமலேயே குழாய்களில் விடப்பட்டது. 1914-ல்தான் மேட்லி என்ற என்ஜினியரின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. குழாய் இருந்தால் மட்டும் போதாது என்று உணர 40 வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் குருவிகுளம் பக்கம் கரிசல் பூமி. இனிப்பாக இருந்தால் நல்ல தண்ணி, கரித்தால் உப்புத் தண்ணி என்று நாக்கை வைத்தே பிரித்துவிடுவோம். ஆனால் பிராட் தெருத் தண்ணீரும் ருசியான நல்ல தண்ணிதான்! தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று மருந்து வாடை அடிக்கிறது என்று குழாய்த் தண்ணியைக் கொட்டிவிட்டுத் திறந்த கிணற்றுக்குப் போகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்த லேசான வாடைதான் காவல்காரன். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் குழாய் முனையில் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500.

இன்னொரு ஆபத்தை நாமே உண்டாக்குகிறோம். பிரஷர் இல்லை என்று வாசலில் குழி தோண்டி, குழாயைத் தாழ வெட்டி, குழிக்குள் குடத்தை இறக்கித் தண்ணி பிடிக்கிறோம். சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, குழியில் தேங்கிய அழுக்குத் தண்ணி வெட்டிய வாய் வழியாக உள்ளே உறிஞ்சப்படும். ஹைட்ராலிக்ஸ் படிக்கும் நமக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? பிராட் தெருவில் மூன்றடி தள்ளி இருந்ததை நாம் குழாய் வாயிலேயே வைத்திருக்கிறோம்.

ஆகவே குழாய்த் தண்ணி நல்லதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. எங்கிருந்து எடுக்கிறார்கள், மருந்து சரியாகக் கலக்கிறதா, வரும் வழியில் உடைப்பு உண்டா, வீட்டில் மூடி வைக்கிறோமா என்று வழி முழுவதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்துக் குடிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் ஃப்ளோரைடும் போகாது. அவற்றைச் சோதனையில்தான் அறிய முடியும்.

நண்பர்களே! நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். லீவில் ஊருக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு சுத்தமான பாட்டிலில் நம்ம தெருக் குழாய்த் தண்ணியைப் பிடித்து வருவோம். குளோரைடு சோதனையை நம் லேபிலேயே செய்து, முடிவை ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுப்போம். மிஞ்சிய குளோரின் நேரமானால் பறந்துவிடும். அதைக் குழாயடியிலேயே பார்த்து எழுதிக்கொள்வோம். கூலித் தொழிலாளி மகன் ஒருவர் தனி ஆளாக ஒரு மாநகரத்தையே நடந்து அளந்தார். நாம் இத்தனை பேர் இருக்கிறோம். நம்மால் நம் தெருவை அளக்க முடியாதா?

வாழ்க டாக்டர் ஜான் ஸ்நோவின் புகழ்!

– இரண்டாம் ஆண்டு சிவில் துறை மாணவன், குருவிகுளம்