பொட்டணி சுமந்த கைதி

இலங்கைச் சரித்திரத்தை ஓரளவேனும் கற்றவர்கள் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரை அறியாதிருக்க மாட்டார்கள். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பதரை ஆண்டுகள் சிறையிருந்தவர். தப்பிச் சென்று நூலொன்று எழுதியவர். பதினேழாம் நூற்றாண்டுச் சிங்களக் கிராமத்தை அறிய விரும்புவோர் இன்றும் அந்த நூலையே முதலிற் கையிலெடுக்கின்றனர். பாடசாலையில் நாம் படித்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். அந்த நெடுங்காலம் முழுவதும் அவர் எத்தொழில் செய்து வயிறு வளர்த்தார், எத்தொழில் அவருக்கு வழியைக் காட்டியது என்பதை எனக்குச் சரித்திரம் கற்பித்த ஆசிரியர்கள் விரித்துரைத்ததில்லை. நொக்ஸ் ஒரு பொட்டணி வியாபாரி. மூட்டையைத் தோளிலிட்டு ஊர் ஊராய் நடந்து, வாசல் வாசலாய் விலை கூறியவர். அந்த நடையைப் பற்றியே இங்கு சொல்லப் புகுகின்றேன்.

கதை நமது திருகோணமலையில் தொடங்குகின்றது. துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக்குடா. மகாவலி கங்கை கடலோடு கலப்பது இங்கேதான். பாலங்கள் எழுவதற்கு முன்னர் விசைப்படகேறி மூதூருக்குச் சென்றவர்கள், கோணேசர் மலை பின்னே சிறுத்துப் போக, எதிரே மரச்செறிவுள்ள தாழ்ந்த கரை மெல்ல எழுந்து வரும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். நானும் அவ்வாறு பலமுறை சென்றவன். காற்றுக்கும் அலைக்கும் அஞ்சிவரும் கப்பலுக்கு அந்தக் கரை எத்துணை ஆறுதலாகத் தோன்றியிருக்கும் என்பதை அப்பொழுதெல்லாம் எண்ணியதுண்டு.

‘ஆன்’ என்னும் கப்பல் அவ்விதம் வந்ததுதான். அதன் கப்பித்தானின் பெயரும் றொபேட் நொக்ஸ். நம் கதாநாயகரின் தந்தை. மகன் 1641ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் இலண்டனிலே பிறந்தவர். பதினான்கு வயதிலேயே தந்தையுடன் கடலேறிச் சென்னைப்பட்டினத்துக் கோட்டையைக் கண்டு திரும்பியவர். 1658இல் தொடங்கிய இரண்டாம் பிரயாணத்திலே விதி குறுக்கிட்டது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய கடும்புயலில் கப்பலின் பெரும் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. கொட்டியாரத்திற்குச் சென்று புது மரம் நாட்டிக்கொள்ளுமாறும், அங்கே தங்கும் காலத்திற் புடைவை வியாபாரம் செய்யுமாறும் கும்பினியார் பணித்தனர். பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் உடன் வந்தனர்.

அக்காலத்திலே கொட்டியாரம் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. ஆங்கிலேயர் கரையிறங்கி வாணிகம் செய்தார்களேயன்றி, அரசனுக்கு ஒரு திருமுகமோ காணிக்கையோ அனுப்பினார்களில்லை. அரசன் ஒரு திசாவையைப் படையுடன் அனுப்பினான். 1660 ஏப்ரல் 4ஆம் நாள், சிற்றாறொன்றின் கரையில் புளியமரத்தடியிலே திசாவையை எதிர்பார்த்துக் காத்திருந்த கப்பித்தான் வளைத்துக்கொள்ளப்பட்டார். மகன் அதற்கு முன்னமே பிடிபட்டிருந்தார். மரம் வெட்டச் சென்ற மாலுமிகளும் அகப்பட, கைதிகள் பதினாறு பேராயினர். மூதூரிலே அம்மரம் நின்றதாகக் கருதப்படும் இடத்தில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

இவ்விடத்திலே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனமில்லை. கப்பலையும் ஆற்றுக்குள் இழுத்துவிட வேண்டுமென்பது திசாவையின் எண்ணம். அதற்காக மகனைக் கப்பலுக்குத் தூதனுப்பினர். கப்பலைக் காப்பாற்றிக்கொள்ளுமாறு தந்தையின் செய்தியைத் தோழருக்குச் சொல்லிவிட்டு, அங்கேயே அவர் தங்கியிருக்கலாம், தடுப்பார் எவருமில்லை. ஆனால் திரும்பி வருவதாகத் தந்தைக்கு வாக்களித்திருந்தார், திரும்பி வந்தார். பத்தொன்பது வயதிற் சொல்லைக் காத்ததற்கு அவர் கொடுத்த விலை, மேலும் பத்தொன்பது ஆண்டுகள்.

கைதிகளை உள்நாட்டிற்குக் கொண்டுசென்று, ஊருக்கொருவராகப் பிரித்து வைத்தனர். சுவரும் விலங்கும் இல்லாத சிறை அது. ஊரார் முறைவைத்துச் சோறு கொடுக்கவேண்டும் என்பது அரச கட்டளை. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரிலே விடப்பட்டனர். அங்கே குளிர்காய்ச்சல் இருவரையும் பற்றிக்கொண்டது. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் தந்தை இறந்தார். பிணத்தைத் தூக்க உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறொன்று வந்து சேர்ந்தது. கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாமென்று யோசனையும் வந்தது. நொக்ஸ் அதற்கு இசையவில்லை. கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, தம்முடனிருந்த வேலைக்காரச் சிறுவனின் துணையோடு, காய்ச்சலில் நடுங்கும் தம் கைகளாலேயே தந்தையை அடக்கம் செய்தார்.

பிறகு வந்த நாட்களிலேதான் அவர் கையில் ஊசி ஏறியது. ஆங்கிலேயக் கைதிகள் நூற்குல்லாய் பின்னக் கற்றுக்கொண்டனர். குல்லாய் ஒன்றுக்கு நூற்செலவு ஏறக்குறைய மூன்று பென்ஸ். விற்றால் ஒன்பது பென்ஸ் கிடைக்கும். அவருடைய வாழ்விலே மிகுந்த பெறுமதி வாய்ந்த வியாபாரம் இத்தகைய ஒரு குல்லாயால் நடந்ததுதான். போர்த்துக்கேயர் 1656இல் கொழும்பை இழந்தபோது கிடைத்த புத்தகமொன்றை ஒரு முதியவர் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தால் அது ஆங்கில விவிலியம்! கைவசமிருந்த ஒரே வராகனையும் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தார். வேலைக்காரச் சிறுவன் தடுத்தான். குல்லாய் ஒன்றைக் கொடுத்துக் காரியத்தை முடித்தனர். அச்சிறுவனுடைய வியாபார ஞானத்தை நான் மெச்சுகின்றேன்.

எல்லாரும் குல்லாய் பின்னத் தொடங்கவே விலை விழுந்தது. நொக்ஸ் பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. நாட்டு வழக்கம் அதுவாயினும், சிறைப்பட்டு வந்த அந்நியனிடம் அந்நாட்டு உழவன் கடன்பட்டு நின்றான் என்பது சிந்திக்கத்தக்கது. கண்டிக்கு அண்மையில் எலதெத்தை என்னுமிடத்தில் இருபத்தைந்து இலாரி வெள்ளிக்குத் தோட்டமொன்று வாங்கினார். வீடு கட்டினார். தோழர் மூவருடன் பெண்வாடை இல்லாத இல்லறம் ஒன்றை நடத்தினார். மனைவியும் மக்களும் வாய்த்தால் கால் கட்டுண்டுவிடும் என்பது அவர் துணிபு. மற்றிருவர் பின்னர் மணஞ்செய்து பிரிந்தனர். எஞ்சி நின்றவர் ஸ்டீபன் இறட்லண்ட் ஒருவரே. இவ்விருவரும் சேர்ந்துதான் பொட்டணி கட்டினார்கள்.

மூட்டையில் இருந்தவை புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்கள். மலைநாட்டிற் கொள்முதல் செய்து, இவை அருமையாகக் கிடைக்கும் வடக்குத் தாழ்நிலத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார்கள். பொட்டணி வியாபாரியின் இயல்பை நம் நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அவன் திண்ணையிலே மூட்டையை அவிழ்த்ததும் பெண்களும் பிள்ளைகளும் கூடிவிடுவர். அடுத்த ஊர் எவ்வளவு தூரம், வழியில் தண்ணீர் உண்டா, யானைத் தொல்லை எப்படி, எந்த ஊரில் எந்தச் சரக்குக்குக் கிராக்கி என்று அவன் கேட்பவை அனைத்தும் தொழிலுக்குரிய கேள்விகள். அவற்றிற்காக எவரும் அவனை ஐயுறுவதில்லை. அதே கேள்விகளை மூட்டையில்லாத ஒரு வெள்ளையன் கேட்டிருந்தால் மறுநாளே அரசன் செவிக்கு எட்டியிருக்கும். நொக்ஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக வடக்கே தள்ளித் தள்ளிச் சென்றார். ஊர்களின் பெயரும் ஆறுகளின் போக்கும் அதிகாரிகளின் குணமும் அவர் மனத்திலே படமாகப் பதிந்தன. காகிதத்தில் ஒரு கோடு வரைந்திருந்தாலும் அது உயிருக்கு உலையாகியிருக்கும்.

கண்டி நாட்டின் வழிகள் திறந்து கிடந்தவையல்ல. குறுகிய கணவாய்களில் முட்கதவமைத்துக் காவலர் நின்றனர். அவற்றைக் கடப்பதற்குக் களிமண்ணில் இட்ட முத்திரை வேண்டும். போர்வீரனாயின் ஈட்டியைத் தோளிற் சாய்த்த மனிதனின் உருவம். கூலியாளாயின் காவடித்தடியில் இரு பைகளைத் தொங்கவிட்டவன். வெள்ளையனாயின் இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடையவன். எத்தனை பேர் செல்கிறார்களோ அத்தனை உருவங்கள் அக்களிமண்ணில் இருக்கவேண்டும். எழுத்தறியாத காவலனும் ஏமாறாதபடி செய்த ஏற்பாடு இது! நொக்ஸின் நூலிலே அரச சபையைப் பற்றிய பகுதிகளைவிட இத்தகைய குறிப்புக்களே என்னைப் பெரிதும் கவர்வன. வழியில் நடந்து தேய்ந்த காலுக்கன்றி வேறெவருக்கும் இவை தெரியவாரா. வாளும் தொப்பியும் முத்திரையிலே இருந்தன. உண்மையான நொக்ஸோ அப்பொழுது வெறுங்காலுடன், நீண்ட தாடியுடன், இடையில் துணி சுற்றிய நாட்டுப்புறத்தானாக மாறியிருந்தார்.

மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. காட்டிலே தண்ணீரில்லை, தப்பும் எண்ணத்தை ஒத்திவைத்துக்கொண்டே வந்தனர். 1679 செப்டெம்பர் 22ஆம் நாள், வழக்கம்போல் வியாபாரத்துக்குப் போவதாகக் காட்டி எலதெத்தையிலிருந்து இறுதியாகப் புறப்பட்டனர். இம்முறை மூட்டையோடு கத்தியும் சிறு கோடரியும் இருந்தன. கலுவில என்னும் ஊரிலே அதிகாரியைக் கண்டு, வெகுமதி கொடுத்து, உலர்த்திய மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லித் தங்கினர். அந்த வேளையிலே அரச சேவகர் சிலர் வந்து இறங்கினர். காவலை இறுக்குமாறு கட்டளை. இருவர் நெஞ்சும் நின்றுவிட்டிருக்கும். எனினும் விலை பேசுவதை அவர்கள் நிறுத்தவில்லை.

அநுராதபுரத்தை அடைந்தபோது புதியதொரு தடை எதிர்ப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் தமிழர். அவர்களுக்குச் சிங்களம் தெரியாது. பத்தொன்பது ஆண்டுகளிற் சிங்களத்தைத் தாய்மொழிபோற் பேசப் பழகிய நொக்ஸ் அவ்விடத்தில் ஊமையானார். அதிகாரி முன் நிறுத்தப்பட்டார்கள். அங்கும் கைகொடுத்தது வியாபாரமே. விசாரித்ததில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வழியைக் காவலர் கண் மூடாமற் காக்கின்றனர் என்று தெரிந்தது. ஆகவே வந்த வழியே திரும்பி, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டனர். நமது மக்கள் அருவியாறு என வழங்குவது அதனையே.

இனி மூட்டைக்கு வேலையில்லை. பல நாட்கள் அடர்ந்த காடு. கற்றூண்கள் சரிந்து கிடக்கும் பழைய இடிபாடுகள். மழைக்குத் தாளிப்பனை ஓலையே கூடாரம். இரவிலே யானை வந்தால் கொள்ளிக்கட்டையே ஆயுதம். மனிதக் குரல் கேட்டால் மரப்பொந்தில் ஒளிந்தனர். வன்னி நாட்டுக்குள் புகுந்தபின் ஆற்றங்கரை மரநிழலிற் சோறு பொங்கிக்கொண்டிருந்த தமிழர் இருவரைக் கண்டனர். அவர்கள் தம் உணவிற் பங்கு கொடுத்தனர். ஒக்டோபர் 18ஆம் நாள், சனிக்கிழமை, ஆறு கடலைச் சேரும் அரிப்பிலே ஒல்லாந்தரின் கோட்டை வாயிலை அடைந்தார்கள். கொட்டியாரத்துப் புளியமரத்தடியிலிருந்து அங்கு வந்து சேரப் பத்தொன்பது ஆண்டு, ஆறு மாதம், பதினான்கு நாள் சென்றிருந்தன.

மன்னார், கொழும்பு, பத்தாவியா, பாந்தம் வழியாக 1680 செப்டெம்பரில் நொக்ஸ் இலண்டன் சேர்ந்தார். வழியிலேயே எழுதத் தொடங்கிய குறிப்புக்கள் 1681இல் நூலாயின. விஞ்ஞானி றொபேட் ஹூக் முகவுரை வழங்கினார். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் வெளிவந்தது. டானியல் டீபோ தமது ‘றொபின்சன் குரூசோ’வை 1719இல் வெளியிட்டபோது நொக்ஸின் கதையும் அவர் மனத்தில் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. மறு ஆண்டு வெளியான ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலிலோ நொக்ஸின் சரித்திரத்தைப் பெயர் குறித்தே டீபோ எடுத்துக் கூறியுள்ளார்.

புகழுக்குப் பின் நேர்ந்த ஒன்றையும் மறைத்தலாகாது. கும்பினியார் நொக்ஸைக் கப்பித்தானாக்கி ‘தொங்கின் மேர்ச்சன்ட்’ என்னும் கப்பலை ஒப்புவித்தனர். 1684இல் அவர் பெற்ற கட்டளை மடகாஸ்கர் சென்று அடிமைகளை வாங்கி சென் ஹெலினாத் தீவிற் சேர்க்கவேண்டும் என்பது. அவர் மறுக்கவில்லை, போனார். தந்தையைப் பறிகொடுத்து, பிறர் ஆணைக்கு உட்பட்டு இளமையைக் கழித்த ஒருவர், பிறரைக் கயிற்றிற் கட்டிக் கொண்டுவரக் கடலேறினார். அக்காலத்து வணிகர் பலர் அதைச் செய்தனர் என்று சமாதானம் கூறலாம். எனக்கு அது போதவில்லை. ஒன்பது பென்ஸ் குல்லாய்க்காரரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த நினைவும் உடன் வந்து உறுத்துகின்றது.

நொக்ஸ் மணஞ்செய்யவேயில்லை. 1720 ஜூன் 19ஆம் நாள் இறந்து, விம்பிள்டனில் அடக்கம் செய்யப்பட்டார். முதுமையிலே தமது நூலின் பிரதியொன்றில் வெற்றுத்தாள்களை இடையிடையே வைத்துக் கட்டி, நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து நெடுங்காலம் உறங்கி 1911இலேதான் அச்சேறியது. அதிலே லூசியா என்றொரு பெண் வருகின்றாள். சிறைத்தோழர் ஒருவருக்கும் சிங்களப் பெண்ணுக்கும் பிறந்தவள். எலதெத்தையில் நொக்ஸ் எடுத்து வளர்த்த குழந்தை. இருபத்தைந்து இலாரிக்கு வாங்கிய தோட்டத்தையும் வீட்டையும் அவளுக்கென்றே விட்டுவந்தார்.